நாலு வாயு மீற்றர் பேசாமல் இருக்கும் இடம்: காபன் பிடிப்பு ஆலைக்கு முதன்முறை வேலைக்குப் போகிறவர்களுக்கு

கல்முனையிலோ வாழைச்சேனையிலோ ஓர் ஐஸ் ஆலையில் அமோனியா கசிந்தால் யாரும் மீற்றர் பார்த்துக்கொண்டு நிற்பதில்லை. மூக்கும் கண்ணும் முந்திக்கொள்ளும், கால் தானாக ஓடும். வீட்டுக் காஸ் சிலிண்டருக்குள்ளும் கசிவு தெரியவேண்டும் என்றே ஒரு நாற்றத்தைக் கலந்து அனுப்புகிறார்கள். காபன் பிடிப்பு ஆலை பிரித்தெடுக்கும் காபனீரொட்சைட்டு இப்படியொரு உதவியும் செய்யாது. நிறமில்லை, மணமில்லை. மிக அதிகமாகச் சேர்ந்தால் மட்டும், சோடா குடித்த ஏப்பம் மூக்கு வழியே வரும்போது ஓர் உறைப்பு வருமே, அதுபோல லேசாகத் தெரியும். அந்த அளவு உள்ள இடத்தில் நீங்கள் நிற்கவே கூடாது.

நமது கிழக்கிலங்கைப் பக்கத்தில் இப்படியான ஆலை கிடையாது. ஆனால் காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடி, சம்மாந்துறை, அக்கரைப்பற்று, திருக்கோவில் என்று எல்லா ஊரிலிருந்தும் வளைகுடாவுக்குப் போகிற பைப் பிற்றர், வெல்டர், சாரம் கட்டுகிறவர், ஹெல்பர் ஆகியோர் இந்த வேலைக்குள் போகத் தொடங்கியிருக்கிறார்கள். சவூதியின் உத்மானியாவில் 2015இலும் அபுதாபியின் அல் ரெயாதாவில் 2016இலும் தொடங்கிய ஆலைகள் ஒவ்வொன்றும் ஆண்டுக்கு 8 இலட்சம் தொன் வரை பிரித்தெடுத்து எண்ணெய் வயலுக்குள் செலுத்தும் அளவுடையவை. கத்தாரின் ராஸ் லஃபானிலும் இந்த வேலை உண்டு. வேலை நான்கு கட்டம்: புகையிலிருந்து அல்லது வாயுவிலிருந்து காபனீரொட்சைட்டைப் பிரிப்பது, நீரை நீக்கி அமுக்குவது, குழாயில் அனுப்புவது, நிலத்தடிப் பாறைக்குள் செலுத்துவது. ஏஜென்சியில் "பிளான்ற் வேலை" என்று மட்டும் சொன்னால் விடாதீர்கள். இந்த நான்கில் எது என்று கேளுங்கள். ஒவ்வொன்றின் ஆபத்தும் வேறு.

மீற்றரில் தொடங்குவோம்

சைட்டில் இடுப்பில் மாட்டத் தரும் சாதாரண மீற்றர் நான்கைப் பார்க்கும்: ஒட்சிசன், எரியும் வாயு, காபனோரொட்சைட்டு, ஐதரசன் சல்பைட்டு. இந்த நாலிலும் காபனீரொட்சைட்டு இல்லை. "ஒட்சிசன் குறைந்தால் அடிக்கும்தானே?" என்று பழைய ஆட்களே கேட்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

சாதாரண காற்றில் ஒட்சிசன் 20.9 சதவீதம். மீற்றர் 19.5இல் அடிக்கும். ஓர் இடத்தில் காபனீரொட்சைட்டு 4 சதவீதம் சேர்ந்தால், அது எல்லாக் காற்றையும் சமமாகத் தள்ளும், ஒட்சிசனை மட்டும் அல்ல. அப்போது ஒட்சிசன் 20.1க்குத்தான் இறங்கும். மீற்றர் பச்சையாகவே இருக்கும். ஆனால் அந்த 4 சதவீதம், அதாவது 40,000 பிபிஎம் (பத்து இலட்சத்தில் 40,000 பங்கு), உயிருக்கு உடனடி ஆபத்து என்று அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் வகுத்த அளவு. ஒட்சிசன் மணி அடிக்கும்போது காபனீரொட்சைட்டு கிட்டத்தட்ட 7 சதவீதத்தைத் தொட்டிருக்கும்.

ஆகவே முதல் நாளே கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்த மீற்றரில் காபனீரொட்சைட்டு சென்சர் இருக்கிறதா? திரையில் "சீஓடூ" என்று தனியாக ஓர் எண் தெரிய வேண்டும். "சீஓ" என்று மட்டும் இருந்தால் அது காபனோரொட்சைட்டு, வேறு நஞ்சு. ஓர் எழுத்துக்கும் ஓர் இலக்கத்துக்கும் இடையிலான இந்தக் குழப்பம் பெர்மிட் தாளிலும், அதாவது வேலை அனுமதித் தாளிலும், வரும்.

சென்சர் இருந்தாலும் தவறு நடக்கும் இடங்கள் உண்டு. இந்தச் சென்சர் அகச்சிவப்பு ஒளியால் அளப்பது. போட்டதும் சரியாகக் காட்டாது, சில நிமிடம் சூடேற விடவேண்டும். திறந்த வெளியில் அது 400 பிபிஎம் சொச்சம் காட்டவேண்டும், ஏனென்றால் வெறும் காற்றிலேயே அவ்வளவு இருக்கிறது. ஆட்கள் நிறைந்த கொண்டெய்னர் அலுவலகத்துக்குள்ளோ, ஓடிக்கொண்டிருக்கும் பஸ்ஸின் பக்கத்திலோ வைத்து "சீரோ" செய்தால், அங்கே கூடுதலாக இருந்த அளவை மீற்றர் இயல்பு என்று எடுத்துக்கொள்ளும். பிறகு நாள் முழுக்கக் குறைத்தே காட்டும். ஒவ்வொரு நாளும் வேலைக்கு இறங்க முன், அளவு தெரிந்த வாயுவைச் சிலிண்டரிலிருந்து மீற்றருக்குக் கொஞ்சம் காட்டி, அதாவது "பம்ப் ரெஸ்ற்" (bump test) செய்து, மணி, வெளிச்சம், அதிர்வு மூன்றும் வருகிறதா பாருங்கள். எண் சதவீதத்திலா பிபிஎம்மிலா என்றும் பாருங்கள். 1 சதவீதம் என்பது 10,000 பிபிஎம். "0.5" என்று காட்டினால் ஒன்றுமில்லை என்று நினைக்கத் தோன்றும். அது 5,000 பிபிஎம், ஒரு நாளின் 8 மணி நேர வேலைக்கு விதித்த எல்லை.

பல இடங்களில் முதல் மணியை 5,000க்கும் இரண்டாவதை 30,000க்கும் வைத்திருப்பார்கள். 30,000 என்பது 15 நிமிடத்துக்கு மேல் தாங்கக்கூடாத அளவு. பிரித்தானிய விதியில் அதுவும் 15,000தான். முதல் மணிக்கே வெளியேறுவது என்று முடிவெடுத்துக்கொள்ளுங்கள்.

விளக்கு இறக்கிப் பார்க்கும் பழக்கம்

கிணறு இறைக்க இறங்க முன் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்ப்பது நம்மூர் வழக்கம். அணையாவிட்டால் இறங்கலாம் என்பார்கள். காபனீரொட்சைட்டுக்கு இது பொய்ச்சாட்சி. மனிதனைத் தலைசுற்ற வைக்கும் 4, 5 சதவீதத்தில் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். விளக்கு அணைந்தால் இறங்கக்கூடாது என்பது சரி. அணையவில்லை, ஆகவே இறங்கலாம் என்பது பிழை.

இந்த வாயு எப்படித் தரையோடு கிடக்கும் என்பதைப் போக முன் வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு சின்ன வாளியில் ஒரு கட்டை மெழுகுதிரியையும் ஓர் உயரமான மெழுகுதிரியையும் நிறுத்திக் கொளுத்துங்கள். வாளியின் ஓரத்தில் 2 தேக்கரண்டி அப்பச்சோடா போட்டு, ஒரு தேநீர்க் கோப்பை வினாகிரியை மெதுவாக ஊற்றுங்கள். இரண்டு லீற்றருக்கு மேல் வாயு வரும். கட்டைத் திரி முதலில் அணையும், உயரமானது பின்னால். காற்றைவிட ஒன்றரை மடங்கு பாரமான வாயு கீழிருந்து மேலே நிரம்பி வருவதை உங்கள் கண்ணே பார்த்துவிடும். ஆலையில் அந்த வாளி என்பது கேபிள் கான், வால்வுக் குழி, கம்பிரசர்க் கட்டடத்தின் தரை, மழைநீர்க் கால்வாய். மீற்றரைச் சட்டைப்பையின் உயரத்தில் மாட்டியிருப்பீர்கள். பிளாஞ்ச் (குழாய்களைப் போல்ற்றால் இணைக்கும் வளையத் தகடு) இறுக்கக் குந்தும்போது, தரையில் படுத்துக்கொண்டு வேலை செய்யும்போது உங்கள் மூக்கு எங்கே இருக்கிறதோ அங்கே மீற்றரும் வரவேண்டும்.

உடம்பில் என்ன நடக்கிறது

நாம் வெளியே விடும் மூச்சில் ஏறத்தாழ 4 சதவீதம் காபனீரொட்சைட்டு இருக்கிறது. உள்ளே இழுக்கும் காற்றிலும் அதே அளவு இருந்தால் உடம்பு தன் கழிவை வெளியேற்ற முடியாமல் திணறும், இரத்தம் அமிலமாகும். ஒட்சிசன் போதுமான அளவு இருந்தாலும் இது நடக்கும். முதலில் தலையிடி, வேகமான மூச்சு, முகம் சிவப்பது, வியர்வை, காதில் இரைச்சல். 10 சதவீதத்துக்கு மேல் சில நிமிடத்தில் நினைவு போகும். 17 சதவீதத்துக்கு மேல் ஒரு நிமிடம் கூட எடுக்காது. ஏணியில் கால் வைக்க நேரம் இருக்காது.

வளைகுடாவில் பொறி எங்கே என்றால், இந்த ஆரம்ப அறிகுறிகள் வெயிலில் வருகிற அறிகுறிகள் போலவே இருக்கும். 45 பாகை வெயிலில் தலையிடித்தால் யாரும் வாயுவைச் சந்தேகிப்பதில்லை, "தண்ணி குடி, நிழலில் இரு" என்பார்கள். நிழல் எங்கே கிடைக்கிறது? குழாய்த் தாங்கியின் அடியில், பெரிய தொட்டியின் பின்பக்கம், வெட்டிவைத்த கானுக்குள். எமிரேற்ஸில் ஜூன் 15 முதல் செப்டெம்பர் 15 வரை பிற்பகல் 12.30 முதல் 3 மணி வரை வெயில் வேலைக்குத் தடை உண்டு. அந்த நேரத்தில் குளிர்ச்சியாக இருக்கிறது என்று பள்ளத்தில் துண்டை விரித்துப் படுப்பது மிக மோசமான பழக்கம். ஓய்வுக்கு ஒதுக்கிய கொட்டகையைத் தவிர வேறெங்கும் கண்ணயர வேண்டாம். தலையிடி வந்தால் முதலில் மீற்றரைப் பாருங்கள், பிறகு திறந்த இடத்துக்குப் போங்கள், அதற்குப் பிறகு தண்ணீர்.

புறப்பட முன்

வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்து, காப்புறுதியோடு, ஒப்பந்தத்தில் வேலையின் பெயர் எழுதியிருக்கப் போங்கள். விசிட் விசாவில் போய் நிற்கிறவர் வேலையை நிறுத்தச் சொல்லத் துணியமாட்டார். இந்தத் தொழிலில் அந்தத் துணிவும் ஒரு பாதுகாப்புக் கருவிதான்.

முகமூடி பற்றி இரண்டு விடயம். ஒன்று, காபனீரொட்சைட்டைத் தடுக்கும் வடிகட்டி சைட்டில் எந்த முகமூடியிலும் இல்லை. தூசி மாஸ்க், இரண்டு உருண்டை வைத்த இரசாயன மாஸ்க், எதுவும் உதவாது. காற்றைக் கூடவே கொண்டுபோகும் சிலிண்டர் செற், அல்லது குழாய் வழியே நல்ல காற்று வரும் செற், இரண்டில் ஒன்று. 6.8 லீற்றர், 300 பார் (பார் என்பது அமுக்கத்தின் அளவு, வெளிக்காற்று ஏறத்தாழ 1 பார்) சிலிண்டரில் கடும் வேலையில் ஏறத்தாழ அரை மணி நேரம்தான் வரும். 55 பார் அளவில் விசில் அடிக்கும். அடித்த பிறகு புறப்படுவது பிந்திய முடிவு, வெளியே வரத் தேவையான காற்றை முன்னரே கணக்கில் ஒதுக்கவேண்டும்.

இரண்டாவது, தாடி. முகத்தோடு இறுக்கமாக ஒட்டும் மாஸ்க்குக்குள் ஒரு நாள் முடி கூடக் கசிவை உண்டாக்கும். தாடி வைத்தவர்கள் இதை ஒளிக்காமல் முதலிலேயே சொல்லுங்கள். கழுத்தில் இறுகும் தலையுறை வகைத் தப்பிச்செல்லும் செற்கள் உண்டு, அவை 10 அல்லது 15 நிமிடம் தரும், தாடியோடும் பொருந்தும். சிலிண்டர் செற் அணிந்து நுழையும் வேலைக்கு மட்டும் உங்களைப் போடாதிருக்கக் கேட்பது நியாயமான கோரிக்கை.

காற்று எந்தப் பக்கம்

கச்சான் எது, வாடை எது, சோழகம் எப்போது திரும்பும் என்று நம் கரையோர ஆட்களுக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. அந்தப் பழக்கத்தை அங்கேயும் கொண்டுபோங்கள். வளைகுடாவில் பெரும்பாலும் வடமேற்கிலிருந்து ஷமால் அடிக்கும். வேலையிடத்துக்கு வந்ததும் முதலில் கம்பத்தில் தொங்கும் காற்றுப்பையைப் பாருங்கள். கசிவு மணி அடித்தால் காற்றுக்குக் குறுக்காக விலகி, பிறகு காற்று வரும் திசைக்கு, முடிந்தால் மேட்டுக்கு. ஒன்றுகூடும் இடங்கள் இரண்டு இருக்கும். உங்கள் வேலையிடத்திலிருந்து இரண்டுக்கும் ஒருமுறை நடந்து பாருங்கள்.

வெள்ளை மேகம் ஒன்று தரையோடு உருண்டு வந்தால் அது குளிரில் உறைந்த காற்றின் ஈரமும் உலர்பனித் துகளும். வாயு அந்த வெள்ளையின் எல்லையோடு நிற்பதில்லை, கண்ணுக்குத் தெரியாமல் அதற்கு அப்பாலும் போகும். வாகனத்தில் ஏறி ஓடலாம் என்றும் எண்ணவேண்டாம். 2020 பெப்ரவரி 22இல் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் சற்றார்ஷியா என்ற ஊருக்குப் பக்கத்தில், மழையில் மண் சரிந்து 24 அங்குலக் காபனீரொட்சைட்டுக் குழாய் உடைந்தது. ஏறத்தாழ 200 பேர் வெளியேற்றப்பட்டார்கள், 45 பேர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஒட்சிசன் போதாமல் கார் எஞ்சின்கள் நடு வழியில் நின்றுபோயின. உயிரிழப்பு இல்லை.

அமைன் பகுதி

காபனீரொட்சைட்டைப் பிரிப்பதற்குப் பெரும்பாலும் அமைன் கரைசல், அதாவது அந்த வாயுவை உறிஞ்சும் இரசாயனத் திரவம். பழைய வகையில் 30 சதவீத மொனோஎதனோலமைன், மீதி தண்ணீர். ஒரு கோபுரத்தில் 40 முதல் 60 பாகையில் வாயுவை உறிஞ்சும், மற்றக் கோபுரத்தில் 120 பாகை அளவில் கொதித்து அதை விடும். சவர்க்காரத் தண்ணீர் போல வழுக்கும், ஆனால் கடுமையான காரம். கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். மூக்குப் பக்கம் அடைக்காத கண்ணாடி போதாது. இறுக்கமான கொகிள்ஸ், அதற்கு மேல் முகக்கவசம், பியூற்றைல் அல்லது நியோபிரீன் கையுறை.

பட்டுவிட்டால் 10 வினாடிக்குள் கண் கழுவும் குழாய்க்குப் போய், இமையை விரலால் விரித்துப் பிடித்து, குறைந்தது 15 நிமிடம் கழுவவேண்டும். 15 நிமிடம் என்பது நீண்ட நேரம், இரண்டு நிமிடத்தில் எரிச்சல் குறையும், அதோடு நிறுத்திவிடுவார்கள். வளைகுடாவில் இன்னொரு சிக்கல்: வெயிலில் கிடக்கும் குழாயில் தண்ணீர் கொதிநீராக நிற்கும். கழுவும் தண்ணீர் 16 முதல் 38 பாகைக்குள் இருக்கவேண்டும். காலையில் வேலை தொடங்க முன் குழாயைத் திறந்து கையில் பிடித்துப் பாருங்கள். சுடுகிறது, அல்லது துரு நிறத்தில் வருகிறது என்றால் அந்தப் பகுதியில் அமைன் வேலை தொடங்கக்கூடாது.

வாயுவை ஏந்திய அமைன் தரையில் அல்லது கழிவுக் குழியில் கொட்டினால் அங்கேயே காபனீரொட்சைட்டை விடத் தொடங்கும். திரவக் கசிவு என்று துடைக்கப் போகிறவர் வாயுக் குழிக்குள் இறங்குகிறார். உயிர்ப்பூட்டிய கரி வடிகட்டித் தொட்டியும் அப்படித்தான், ஈரமான கரி மூடிய தொட்டிக்குள் இருக்கும் ஒட்சிசனைத் தானே இழுத்துவிடும். இங்கே மட்டும் ஒட்சிசன் மணி உண்மை பேசும்.

அமுக்கமும் குளிரும்

குழாய்க்குள் காபனீரொட்சைட்டு வழமையாக 80 பாருக்கு மேல் அடர்ந்த திரவம் போல ஓடும். 31 பாகைக்கும் 74 பாருக்கும் மேலே அது திரவமும் இல்லை, வாயுவும் இல்லை என்ற நிலை. அமுக்கம் 5.2 பாருக்குக் கீழே விழுந்தால் திரவமாக இருக்க முடியாது. உலர்பனியாகவும் வாயுவாகவும் பிரியும், வெளிக்காற்றின் அமுக்கத்தில் உலர்பனி மறை 78 பாகை. அனுபவமுள்ள பிற்றரும் தவறுகிற இடம் இதுதான்.

ஒரு வால்வைத் திறந்து வாயுவை வெளியே விடுகிறீர்கள். சத்தம் நின்றது, அமுக்க மானி பூச்சியம் காட்டுகிறது. காலி என்று நினைத்து பிளாஞ்சைக் கழற்றுகிறீர்கள். உண்மையில் குறுகிய இடத்தில் உலர்பனி அடைத்துக்கொண்டிருக்கிறது, அதன் பின்னால் அமுக்கம் இன்னும் நிற்கிறது. அடைப்பு இளகினால் அந்தப் பனிக்கட்டி துப்பாக்கிக் குண்டு போல வரும். ஆகவே மெதுவாக விடுங்கள். திரவம் இருக்கும் வரை அமுக்கத்தை 5.2 பாருக்கு நன்றாக மேலே வைத்திருங்கள். ஒரு மானியை நம்பாதீர்கள், அடைப்பின் இரு பக்கமும் பாருங்கள். குழாயின் வெளிப்பக்கம் வெண்பனி பூத்திருந்தால் உள்ளே இன்னும் வேலை முடியவில்லை. சுத்தியலால் தட்டுவது, தீச்சுவாலை பிடிப்பது இரண்டும் வேண்டாம். தானாக இளகக் காத்திருப்பதுதான் வழி, "யல்லா யல்லா" என்று போர்மன் கத்தினாலும். திறக்கும் வாய்க்கு நேரே உடம்பை வைக்காமல் பக்கமாக நின்று, தூரத்துப் போல்ற்றை முதலில் தளர்த்துங்கள்.

இதே குளிரில் சாதாரண உருக்கு கண்ணாடி போல உடையத் தொடங்கும். பலவகைக் காபன் உருக்கை மறை 29 பாகைக்குக் கீழே பாவிக்க விதி அனுமதிப்பதில்லை. மறுபக்கம், இரண்டு மூடிய வால்வுகளுக்கு நடுவே திரவம் அகப்பட்டு வெயிலில் காய்ந்தால், ஒவ்வொரு பாகைக்கும் அமுக்கம் பல பார் ஏறும். நீங்கள் மூடும் இரண்டாவது வால்வுக்கு முன், நடுவில் பாதுகாப்பு வால்வு இருக்கிறதா என்று கேளுங்கள்.

வாயுவைத் தாங்கிய இரப்பர் வளையம் அமுக்கத்தைத் திடீரென விட்டால் உள்ளிருந்து கொப்புளித்து வெடிக்கும். கழற்றிய வளையத்தை நன்றாக இருக்கிறதே என்று திரும்பப் போடவேண்டாம். குளிர் தோலில் பட்டால் தேய்க்காமல் 37 முதல் 40 பாகை வெதுநீரில் வையுங்கள். ஈரமான துணிக் கையுறை தோலோடு ஒட்டிக்கொள்ளும்.

அடைபட்ட இடத்துக்குள் இறங்கும் வரிசை

1. குழாயைத் தகடு வைத்து அடைத்திருக்கவேண்டும். வால்வை மூடியது மட்டும் போதாது. உங்கள் பூட்டை நீங்களே போட்டுச் சாவியை உங்கள் பையில் வைத்திருங்கள்.

2. காற்றிழுக்கும் குழாயின் வாயை அடித்தளம் வரை இறக்குங்கள். மேலே வைத்தால் நல்ல காற்றைத்தான் இழுத்துக்கொண்டிருக்கும்.

3. மேல், நடு, அடி மூன்றிலும் அளந்து பாருங்கள். பம்புக் குழாயின் ஒவ்வொரு மீற்றருக்கும் 3 வினாடி, அதோடு சென்சருக்கு ஒரு நிமிடம். 10 மீற்றர்க் குழாய் என்றால் ஒவ்வொரு உயரத்திலும் ஒன்றரை நிமிடம் காத்திருக்கவேண்டும். பெரும்பாலானோர் 20 வினாடியில் எழுதிவிடுகிறார்கள்.

4. மீற்றர் உள்ளேயும் உங்களோடு வரவேண்டும். சாப்பிடப் போய்த் திரும்பினால் மறுபடி முதலிலிருந்து.

5. வாயிலில் நிற்கிறவரின் ஒரே வேலை நிற்பது. அவர் தேநீர் எடுக்கப் போனால் நீங்கள் வெளியே வாருங்கள்.

ஐந்தாவதை இன்னும் சொல்லவேண்டும். உள்ளே விழுந்தவர் மச்சானாகவோ ஊர்க்காரராகவோ இருக்கும்போது கை தானாக ஏணியைப் பிடிக்கும். அடைபட்ட இடங்களில் இறந்தவர்களில் 60 சதவீதத்துக்கும் மேலானோர் காப்பாற்றப் போனவர்களே என்று நியோஷ் 1986இல் எழுதியது. சிலிண்டர் செற் போடாமல் இறங்குகிறவர் இரண்டு மூச்சுக்குள் இரண்டாவது உடலாகிறார். ஆகவே உள்ளே போகிறவர் முதலிலேயே உடற்கச்சை போட்டு, கயிறு மேலே முக்காலி வின்ச்சில் பூட்டியிருக்கவேண்டும். விழுந்தால் மேலிருந்தே தூக்கலாம். முக்காலி நிறுத்த இடமில்லாத துளை என்றால், மீட்புக் குழு செற்றோடு பக்கத்தில் நிற்காமல் பெர்மிட்டில் கையெழுத்து வைக்கவேண்டாம்.

வெளியே எடுத்த பிறகு: நல்ல காற்றுக்குக் கொண்டுபோய், மூச்சு இருந்தால் ஒட்சிசன் கொடுத்துப் பக்கவாட்டில் கிடத்துங்கள், மூச்சு இல்லையென்றால் மார்பை அமுக்கத் தொடங்குங்கள், நிமிடத்துக்கு 100 முதல் 120. எழுந்து உட்கார்ந்து "எனக்கு ஒன்றுமில்லை" என்றாலும் கிளினிக்குக்கு அனுப்புங்கள். கூடப் போகிறவர் மூன்றை ஒரு துண்டில் எழுதிக் கொடுக்கவேண்டும்: மீற்றர் காட்டிய எண், உள்ளே கிடந்த நிமிடங்கள், வாயுவின் பெயர். பெயரை "காபன் டயொக்சைட்" என்று முழுதாக எழுதுங்கள். "காபன் காஸ்" என்று வாயால் சொன்னால் மருத்துவர் காபன் மொனொக்சைட் என்று எடுத்துக்கொள்ளக் கூடும், இரண்டுக்கும் பார்க்கும் பரிசோதனை வேறு.